பணிஸ் புராணம்

மலராசிரியர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபொழுது, எப்பொருளைப் பற்றி எழுதலாமென்று யாம் பலநாள் சிந்தித்தோம். இத்தமிழ்ப் பகுதியிலே சங்க நூல்களைப் பற்றியும், விஞ்ஞான வளர்ச்சியைப் பற்றியும், பெரியோர் வாழ்க்கையைப் பற்றியும் அறிஞர் பலர் ஆண்டுதோறும் எழுதி வருகின்றனர். அவர்களோடு ஒப்ப நிற்கும் ஆற்றல் எமக்கில்லை. ஆயினும் இக்கல்லூரி விடுதியிலே 1960ஆம் ஆண்டு முதல் 1966ஆம் ஆண்டு வரை உண்டும் உறங்கியும் இடையிடையே படித்தும் வாழ்ந்தவரென்ற உரிமையினால், எமக்கு ஐயந்திரிபறத் தெரிந்த பொருள் ஒன்றுண்டு. அதுவே பணிஸ். வாசிப்போர் நகைக்க வேண்டா. சிறு பொருளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், யாம் இதுகாறும் எவர்க்கும் சொல்லாத செய்தியொன்றையும் சொல்ல வேண்டியிருக்கின்றது. அதனை ஈற்றில் வைத்துள்ளோம்.

விடுதியில் மாலை நான்கு மணிக்குத் தேநீர் மணி அடிக்கும். அம்மணியோசையைப் போல இனிய ஓசையை யாம் பின்னர் எந்தச் சங்கீத மண்டபத்திலும் கேட்டதில்லை. ஆளுக்கொரு கோப்பை வெறுந்தேநீர், ஆளுக்கொரு பணிஸ், அவ்வளவே. உள்ளங்கையில் அடங்குமளவு உருண்டையாய், மேற்புறம் தேன்நிறமாய்ப் பளபளத்து, அதன்மீது சீனி மணிகள் சிதறிக் கிடக்கும். அடிப்புறம் தட்டிலிருந்து பெயர்த்த அடையாளத்தோடு சற்றே கறுத்திருக்கும். இரு பக்கங்களிலும் அயற் பணிசோடு ஒட்டி வெந்த இடம் வெண்மையாய், பஞ்சு போலிருக்கும். அவ்வெண்மையான இடத்திற் பிட்டாற் புகையோடு ஒரு நறுமணம் எழும்.

பணிஸ் உண்போர் தலை, இடை, கடை என மூவகைப்படுவர். மேலுள்ள சீனியை முதலில் நக்கிவிட்டு, எஞ்சியதை மனமின்றி உண்பவர் கடைமாணாக்கர். பக்கங்களைப் பிட்டுத் தின்று, சீனி படிந்த முடியை இறுதிவரை காத்து வைத்திருந்து, அதனை அயலவன் பறித்துக்கொள்ளக் கண்டு வருந்துபவர் இடைமாணாக்கர். முழுப் பணிசையும் தேநீரில் ஒருமுறை அமிழ்த்தி, அது கரைந்து விழுதற்கு முன்னுள்ள அந்தக் கண நேரத்தை நன்கறிந்து வாயிலிடுபவரே தலைமாணாக்கர். யாம் மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பின்னரே இவ்வகுப்பிற் சேர்ந்தோம். அதற்குள் கோப்பையின் அடியிற் கரைந்துபோன பணிசுகள் பல.

இனிச் சொல்லாராய்ச்சி. பணிஸ் என்பது ஆங்கிலச் சொல்லின் பன்மை வடிவம் எம் நாவிற் படிந்து ஒருமையாய் நின்றது. ஆனால் பணிசைச் சுடும் இடமாகிய போறணையும், அதன் மூத்த தமையனாகிய பாணும் ஆங்கிலேயர் தந்தவையல்ல. இவை போர்த்துக்கேயச் சொற்கள். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்து அகன்றனர். அவர்கள் போயினர், அலுமாரியும் சப்பாத்தும் கடுதாசியும் பாணும் போறணையும் எம்மிடம் தங்கிவிட்டன. கோட்டையைப் பிடித்தவர் பெயர் மறந்துபோகின்றது. அவர் உண்ட உணவின் பெயர் நாள்தோறும் வாயில் வருகின்றது.

இச்சொல் எம் நாட்டளவில் நிற்கவில்லை என்பதை யாம் 1992ஆம் ஆண்டிலே அறிந்தோம். ஆசிரியப் பயிற்சியொன்றின் பொருட்டு அவ்வாண்டில் யப்பான் தேசத்துத் தலைநகராகிய டோக்கியோவில் மூன்று திங்கள் தங்கினோம். அந்நாட்டு மொழி எமக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஒருநாட் காலை, எம்முடன் வந்த யப்பானிய ஆசிரியர் ஒரு கடையைச் சுட்டி, ‘பான்’ என்றார். யாம் திகைத்தோம். கடையின் உள்ளே அடுக்கியிருந்தது பாணேதான். 1543ஆம் ஆண்டில் தனெகஷிமா என்னும் தீவிற் கரையேறிய போர்த்துக்கேயர், துவக்கையும் பின்னர்த் தம் சமயத்தையும் மாத்திரமன்றி இச்சொல்லையும் அங்கே விட்டுச் சென்றனராம். சட்டைப் பொத்தானும் அங்கே ‘பொத்தான்’ தான். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் உறவினர் ஒருவரைச் சந்தித்தாற்போல எமக்கிருந்தது.

அவ்வாசிரியர் எம்மைக் கின்ஸா என்னும் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்று, பழைய கடையொன்றில் ஒரு சிறு பணிசை வாங்கித் தந்தார். அதன் நடுவே கொப்பூழ் போன்ற குழியொன்று. குழியில் இளஞ்சிவப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது. “இதன் பெயர் யாது?” என்றோம். “அன்பான்” என்றார். அன்புடையவன் என்று பொருள்படும் தமிழ்ச்சொல்லை ஒரு பணிசுக்கு இட்டவர் யாரென்று வியந்தோம். பின்னர் விளக்கினார்: ‘அன்’ என்பது செம்பயறு ஒன்றை அவித்துச் சீனியிட்டு மசித்த பாகு, அதனை உள்ளிட்ட பாண் ஆதலின் ‘அன்பான்’. ஒரு வாய் கடித்தோம். மோதகத்தின் உள்ளே பயறும் சர்க்கரையும் இருக்குமன்றோ? தேங்காய்ப்பூ ஒன்று குறைய, கிட்டத்தட்ட அச்சுவையே. மோதகம் அரிசிமாச் சட்டையைக் களைந்து, கோதுமைமாச் சட்டை தரித்து நின்றதென்றே எண்ணினோம். அடுத்த வாயிலே சிறிது உவர்ப்பும் ஒரு மலர்மணமும் தோன்றின. குழியில் இருந்தது உப்பிலிட்ட செரிப்பூ. உவர்ப்புப் பட்டபின் இனிப்பு முன்னையிலும் ஆழ்ந்து நின்றது.

அக்கடையின் வரலாறு கேட்கத் தக்கது. யப்பானில் 1868ஆம் ஆண்டில் பழைய ஆட்சிமுறை வீழ்ந்து மெய்ஜி ஆட்சி எழுந்தது. வாளேந்துதலையே குலத்தொழிலாகக் கொண்டிருந்த சாமுராய் வீரர்க்கு அதன்பின் வேலையில்லாதுபோயிற்று. 1876இல் அவர்தம் வழிவழி வந்த படியும் நின்றது, வாள் தரித்தலும் தடுக்கப்பட்டது. அவ்வீரருட் கீழ்ப்படியிலிருந்தவர் கிமுரா யசுபே என்பவர். ஐம்பது வயதைக் கடந்தபின், 1869ஆம் ஆண்டிலே, அவர் மாப்பிசைந்து பாண் சுடும் கடையொன்று திறந்தார். விரைவில் அது தீக்கிரையாயிற்று. அவர் மனந்தளராது கின்ஸாவுக்குப் பெயர்ந்து, தம் குடும்பப் பெயராற் ‘கிமுராயா’ என்று பலகை எழுதித் தொங்கவிட்டார். வாள் பிடித்த கை மாவிற் புதைந்ததை ஊரார் காண்பரே என்று அவர் நாணினாரல்லர். அவர் மகன் எய்ஸபுரோவும் பக்கத்தில் நின்று பிசைந்தார்.

ஆயினும், உவர்ப்புச் சுவையுடைய அந்நியப் பாண் சோறுண்டு பழகிய அந்நாட்டார்க்கு ஒவ்வவில்லை. அதனைப் பொங்கச் செய்யும் மேனாட்டு நொதியும் எளிதிற் கிடைக்கவில்லை. தந்தையும் மகனும் பலநாள் முயன்று, தம் நாட்டு அரிசி மதுவை ஆக்குதற்குரிய நொதியையே மாவிற் கலந்தனர். வெந்த அரிசியிலே ஒருவகைப் பூஞ்சணம் படர்ந்து மாப்பொருளைச் சீனியாக மாற்ற, அச்சீனியை உண்டு நொதி பெருகும். அந்நொதி விடும் வாயுவினாலே மா மெல்லெனப் பொங்கும். அம்மாவினுள்ளே தம்மூர்ப் பலகாரங்களுக்கு இடும் பயற்றுப் பாகை வைத்துச் சுட்டனர். 1874ஆம் ஆண்டில் அன்பான் இவ்வாறு பிறந்தது.

இதனைக் கேட்டபொழுது எமக்கு அப்பம் நினைவுக்கு வந்தது. எம் பாட்டியார் அப்பத்துக்கு மாக்கரைக்கும் இரவிலே பனங்கள்ளிற் சிறிது வார்த்து மூடி வைப்பார். விடியலில் மா சட்டியின் வாய்மட்டும் பொங்கி நிற்கும். கிமுரா செய்ததும் அதுவே. அந்நியர் தந்த மாவைத் தம் வீட்டு நொதியிட்டுப் பொங்கவைத்தார். ஆங்கிலத்தில் ஆயிரம் நூல்களைக் கற்கும் எம் மாணவர் அக்கல்வியைத் தாய்மொழியென்னும் நொதியிட்டுப் புளிக்க வைத்தாலன்றி, அது எம்மவர் வயிற்றிற் செரியாது. இத்தமிழ்ப் பகுதி இம்மலரில் இருத்தற்கும் அதுவே காரணமென்பது எம் கருத்து.

1875ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 4ஆந் திகதி, மெய்ஜி சக்கரவர்த்தி செரிப்பூக் காணச் சென்ற இடத்திலே அவர்க்கு அன்பான் படைக்கப்பட்டது. அதற்கு வழிசெய்தவர் வாட்போரிற் புகழ்பெற்று, அரண்மனை அணுக்கராய் இருந்த யமஒகா தெஷ்ஷூ. உப்பிலிட்ட செரிப்பூவைப் பணிசின் நடுவிற் பதித்தது அவ்வேளைக்கென்றே செய்த புதுமை. சக்கரவர்த்தி விரும்பி உண்டார். பின்னர் நகரமெல்லாம் உண்டது. 1900ஆம் ஆண்டிலே அக்கடையார் பயற்றுப் பாகுக்குப் பதிலாகப் பழப்பாகு இட்டனர்.

1904ஆம் ஆண்டிலே ‘நாகமுராயா’ என்னும் வேறொரு கடையார் பாலும் முட்டையும் கலந்த பாகை உள்ளிட்டுப் பணிஸ் செய்தனர். இக்கடையை நடத்தியவர் சோமா ஐஸோ என்பவரும் அவர் மனைவியார் கொக்கோ அம்மையாரும். அம்மையார் எம்மைப் போலவே மிஷன் பாடசாலைகளிற் பயின்றவர். டில்லியில் 1912ஆம் ஆண்டு இராசப் பிரதிநிதியின்மீது குண்டெறிந்த செய்தியிலே தேடப்பட்ட ராஷ் பிகாரி போஸ் 1915இல் யப்பானுக்குத் தப்பிச் சென்றார். ஆங்கில அரசின் வற்புறுத்தலால் அவரை நாடுகடத்தக் கட்டளை பிறந்தபொழுது, தம் கடையின் பின்கட்டில் அவரை ஒளித்து வைத்து உணவளித்தவர் இத்தம்பதிகளே. பணிஸ் விற்கும் கடையாரிடம் அத்துணை நெஞ்சுரம் இருந்தது. அவர்தம் மகள் தொஷிகோ 1918இல் போஸை மணந்து, அவரோடு மறைந்து மறைந்து வாழ்ந்து, 1925இல் இளமையிலேயே இறந்தார். 1927ஆம் ஆண்டு முதல் அக்கடையிலே இந்தியக் கறியும் சோறும் பரிமாறப்பட்டன.

யாம் டோக்கியோவிற் கண்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகின்றோம். கடைதோறும் குழந்தைகளின் கையில் உருண்டை முகமுடைய பொம்மையொன்று இருந்தது. அதன் தலையே ஓர் அன்பான்! யனசே தக்காஷி என்னும் ஓவியர் 1973இல் வெளியிட்ட குழந்தைப் படநூலின் வீரன் அவன். 1988 முதல் தொலைக்காட்சியிலும் வருகின்றான். பசித்தோரைக் கண்டால் தன் தலையிலேயே ஒரு துண்டு பிட்டு உண்ணக் கொடுப்பது அவன் தொழில். யனசே போர்க்காலத்திற் சீனாவிலே போர்வீரராய் இருந்து பசியின் கொடுமையை அறிந்தவர். தம் ஒரே தம்பியைப் போரில் இழந்தவர். பசித்தவனுக்கு உணவளிப்பதே எக்காலத்தும் மாறாத நீதியென்று அவர் கண்டார். தன்னையே பிட்டுக் கொடுப்பவன் ஒருவனை வரைந்தார்.

அப்பொம்மையைக் கையிலெடுத்து யாம் நெடுநேரம் நின்றோம். ஏனெனில், தன்னைப் பிட்டுப் பிட்டு எமக்கு ஊட்டிய ஒருவரை யாம் அறிவோம். முன்னர்ச் சொல்வோமென்ற செய்தி இனி வருகின்றது.

எம் ஊரிலே ஒருவர் இரட்டை எருது பூட்டிய வண்டில் வைத்திருந்தார். சந்தைக்கு நெல்லும் புகையிலையும் வெங்காயமும் ஏற்றிச் செல்வது அவர் தொழில். லொறிகள் பெருகின; அவருக்கு ஏற்றுவதற்குச் சுமை அருகிற்று. 1959ஆம் ஆண்டிலே எருதுகளை விற்றார். நாற்பத்தைந்து வயதிலே ஒரு பாண் போறணையில் எடுபிடியாளாய்ச் சேர்ந்தார். முதல் மாதம் விறகு தள்ளும் வேலை; முழங்கைமட்டும் உரோமம் கருகியிருந்தது. பின்னர் மாப்பிசையக் கற்றார். நடுச்சாமம் கடந்து இரண்டு மணிக்கு எழுந்து செல்வார். தாம் முதன்முதற் செய்த பணிசை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தது எமக்கு நினைவிருக்கின்றது. அது ஒருபுறம் சரிந்து, சீனி ஓரிடத்தே குவிந்திருந்தது. அதனை நான்காய்ப் பிட்டு நால்வர் உண்டோம். ஆம், அவர் எம் தந்தையார்.

எமக்குக் கல்லூரியிற் பாதிச் சம்பளச் சகாயம் கிடைத்தது. மற்றப் பாதியும் விடுதிக் காசும் அவர் பிசைந்த மாவிலிருந்து வந்தன. விடுதிக்கு மாலையிற் பணிஸ் கொடுத்ததும் அப்போறணையே. சைக்கிளின் பின்னே தகரப் பெட்டி கட்டி அதனைக் கொண்டுவருபவர் வேறொருவர். மாணவர் சிலர் வாயிலுக்கு ஓடிச்சென்று, பத்துச் சதத்துக்கு மேலும் ஒன்று வாங்குவதும் உண்டு. மாலைதோறும் யாம் உண்ட பணிஸ் யார் கைபட்டதென்பதை உடன் மாணவர் எவரும் அறியார், யாமும் அறிவித்திலோம்.

1964ஆம் ஆண்டில் ஒருநாள் அச்சைக்கிள்காரர் காய்ச்சலில் விழுந்தாராக, எம் தந்தையாரே பெட்டியோடு வந்தார். மாவு படிந்த சாரமும் தோளில் ஒரு துவாயும் அணிந்திருந்தார். வாயிலில் எம்மைக் கண்டவுடன் முகமெல்லாம் மலர்ந்து சிரித்தார். எம் பக்கத்தில் நின்ற நண்பர் ஒருவர், வைத்தியர் ஒருவரின் புதல்வர், “ஆரடா அவர், உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்?” என்றார்.

“எங்கட ஊர்ப் பாண்காரர்” என்றோம் யாம்.

அச்சொல் அவர் காதில் விழுந்ததென்பதை அவர் கை நின்றதிலிருந்து அறிந்தோம். ஒரு கணமே. பின்னர்ப் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்தவற்றுள் நன்றாய்ப் பொங்கிய ஒன்றைத் தெரிந்தெடுத்து எம்மிடம் நீட்டினார். “இந்தாங்கோ தம்பி. காசு பிறகு தாருங்கோ” என்றார்.

பிறந்தநாள் தொட்டு எம்மை ‘மோனை’ என்றன்றி வேறு சொல்லால் அழைத்தறியாதவர் அவர். எம் பொய் வெளிப்படாதிருத்தற்பொருட்டுத் தம் மகனுக்கு மரியாதைச் சொல் கொடுத்தார். மற்றை மாணவர்க்கும் கொடுத்து, காசை எண்ணி வாங்கி, சைக்கிளை மிதித்துக்கொண்டு போயினார். திரும்பிப் பார்க்கவில்லை. யாம் அப்பணிசை உண்டோம். அதன் சுவை எமக்கு நினைவில்லை.

விடுமுறையில் வீடு சென்றபொழுது அவர் அதனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முன்போலவே ‘மோனை’ என்றழைத்தார். பின்னும் இருமுறை அச்சைக்கிள்காரர்க்குச் சுகமில்லாது போயிற்று. இருமுறையும் தாம் வாராது, அயல்வீட்டுப் பையனொருவனை அனுப்பினார். யாம் கல்வி முடித்து ஆசிரியரானோம். அவர் 1979ஆம் ஆண்டில் இறந்தார். அப்பதினைந்து ஆண்டுகளில் யாம் அவரிடம் மன்னிப்பு வேண்டியிருக்கலாம். நாளை நாளையென்று தள்ளினோம். தேநீரில் அமிழ்த்திய பணிசுக்கு ஒரு வேளை உண்டென்பதை நன்கறிந்த யாம், இதற்கும் ஒரு வேளை உண்டென்பதை அறிந்திலோம்.

கின்ஸாவிலே ‘கிமுராயா’ என்னும் பலகையின்கீழ் நின்றபொழுது எம்மை வருத்தியது இதுவே. தொழிலிழந்த தந்தை ஒருவர் முதுமைக்காலத்திலே மாப்பிசையக் கற்றார். அவர் மகன் அருகில் நின்று பிசைந்தான். அவர் பெயர் இன்றும் கடைமுகப்பில் இருக்கின்றது. தொழிலிழந்த இன்னொரு தந்தையும் மாப்பிசையக் கற்றார். அவர் மகன் அவர் பெயரைச் சொல்ல நாணினான். அப்பூவின் உவர்ப்பு எம் நாவில் நெடுநேரம் நின்றது.

இப்பொழுது படிக்கும் மாணவருள்ளும், வாயிலில் வந்து நிற்கும் தந்தையின் சாரத்தைக் கண்டு ஒரு கணம் தயங்குவார் இருக்கலாம். அவர்க்கு யாம் அறிவுரை சொல்லத் தகுதியுடையேம் அல்லேம். எமக்கு நேர்ந்ததைச் சொன்னோம், அவ்வளவே.

அன்று வாயிலில் எம்முடன் நின்று பணிஸ் உண்ட நண்பர்களுட் சிலர் இன்னும் இம்மலரை ஆண்டுதோறும் வாங்கி வாசிக்கின்றனர். ஒருவர் கனடாவிலும் ஒருவர் கொழும்பிலும் இருக்கின்றனர். அவர்கட்கு இக்கட்டுரையின் வாயிலாக ஒன்றைத் தெரிவித்துக்கொள்கின்றோம். நண்பர்காள், 1964ஆம் ஆண்டில் ஒரு மாலை நீவிர் கேட்ட வினாவுக்கு யாம் தவறான விடை சொல்லிவிட்டோம். அவர் எங்கள் ஊர்ப் பாண்காரர் மாத்திரமல்லர். அவர் எங்கள் ஐயா. நீவிர் அன்று நன்றாயிருக்கின்றதென்று சொல்லி, இரண்டாவதும் வாங்கி உண்ட பணிஸ் அவர் கையாற் பிசைந்தது.